டாக்டர் பிம்லாட்டின் புது உயிர்

– சத்தமா வாசி டார்காஸ். தீர்ப்பை நிதானமா காதுல வாங்கிக்கணும்.

– "டாக்டர் பிம்லாட் தம் வீட்டு மழைத்தொட்டியில் கண்டதாகச் சொல்லும் புது உயிர், உயிரே அல்ல." போதுமாங்க?

– மேல, மேல.

– "அவர் அனுப்பிய கண்ணாடிச் சில்லை என் மைக்ராஸ்கோப்பில் வைத்து நானே பார்த்தேன். ஓரத்தில் சில கறுப்பு முடிகள். நான் கண் சிமிட்டும்போதெல்லாம் அசைந்தன. அவர் வால் என்று வரைந்திருப்பது தம் கண்ணிமை முடியைத்தான். இதை நம் விஞ்ஞானச் சங்கம் அச்சிடக் கூடாது." கையெழுத்தையே காணோமே?

– போட மாட்டாங்க. வர்ற கட்டுரையை யாராவது பெரிய மனுஷர்கிட்ட குடுத்து ரகசியமா அபிப்பிராயம் கேக்கறது சங்கத்து வழக்கம். பலே பிம்லாட்! லண்டன்லயே தன் இமை முடிக்கு லத்தீன்ல பேர் வச்ச ஒரே மேதை நான்தான்.

– அதுவும் எங்கம்மா பேரை.

– அவங்ககிட்ட என்னத்தைச் சொல்ல? "அத்தை, உங்க பேர் விளங்கணும்னு என் முடிக்கு வச்சேன்"னா?

– சரி சரி. வியாழக்கிழமை உங்களை உறுப்பினராச் சேக்க ஓட்டுப் போடறாங்களே?

– கட்டுரை போச்சு, ஓட்டும் போச்சு. காலேஜ்ல படிக்கிறப்போலேர்ந்து ஆசைப்பட்டது, டார்காஸ். நெஞ்சு வலிக்கத்தான் செய்யுது. அவங்க துரத்தறதுக்கு முன்னாடி நானே விலகிக்கறேன்னு கடுதாசி எழுதிட்டேன். அரக்கு வச்சு ஒட்டணும். அந்த ஸ்பிரிட் விளக்கை இப்படித் தள்ளு.

– ஐயோ, தொடாதீங்க! நான் பத்தவைக்கறேன். ஈஸ்டருக்கு நீங்க பத்தவச்ச லட்சணம் போதும்.

– ஆமா, அது என் முந்தைய சாதனை. குப்புனு பிடிச்சு, மீசை, புருவம் எல்லாம் காலி. மூஞ்சி உரிச்ச முட்டை. காய்ச்சல்காரங்கல்லாம் என்னைப் பாத்துச் சிரிச்சே எழுந்து உக்காந்தாங்க.

– இருங்க. நீங்க புது உயிரைக் கண்டுபிடிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

– பின்னாடி. மறுவாரம். ஏன்?

– ஜன்னல்கிட்ட வாங்க. கண்ணை மூடுங்க.

– என்ன, முத்தமா? இந்தத் தோத்தாங்குளிக்கா?

– அந்தக் கடுதாசியை விளக்குல காட்டி எரிச்சிடுங்க. அன்னிக்குப் பொசுங்கின உங்க இமையில இன்னும் ஒத்தை முடி முளைக்கல. அந்தப் பெரிய மனுஷர் பாத்தது அவரோட இமை முடியைத்தாங்க!