யாதகிரியின் பெயரில் ஓர் அறுபது

உஸ்மானியா பிஸ்கட் கொடுத்தால் மென்பொருள் பொறியாளர்கள் எதையும் கற்றுக்கொள்வார்கள், ஐயா. யாரும் நம்புவதில்லை. மாதாப்பூர் அலுவலகத்தில் நாற்பத்தொரு பேரைப் புதுக் கருவிக்கு மாற்றியவள் நான். ஒருவரையும் மிரட்டியதில்லை. கற்றுக்கொண்டவர் மேசையில் ஒரு பொட்டலம் வைப்பேன். மறுநாள் அடுத்த மேசைக்காரர் தானாக வந்து கேட்பார்.

அதுதான் என் வேலை. நிரலைத் தானே எழுதி, தானே பிழை பார்க்கும் கருவி ஒன்றை நிறுவனம் வாங்கியிருந்தது. எல்லோரையும் அதற்குப் பழக்க வேண்டும். யாதகிரி ஒருவர்தான் பாக்கி.

எங்களில் மூத்தவர் அவர். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி இருக்கிறதே, அதற்குள் ஓடும் மென்பொருள் பதினாறு வருடமாக அவர் பொறுப்பு. நிரலை அச்செடுத்து, பென்சிலால் வரிவரியாகத் தொட்டுப் படிப்பார். மற்றவர்கள் எழுதியதையும் அப்படியே. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஆனால் கெட்டவர் இல்லை. திங்கட்கிழமை சர்வபிண்டி அடை கொண்டுவந்தால் எனக்கென்று ஒரு துண்டு எடுத்துவைப்பார்.

"இது எழுதுறத நான்தானே படிச்சுப் பாக்கணும் மேடம்? அதுக்கு நானே எழுதிட்டுப் போறேன்," என்றார் ஒருநாள்.

"அதுவே படிச்சுப் பாத்துக்கும் யாதகிரி காரு. உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

"தன் பரீட்சைப் பேப்பரத் தானே திருத்துற பையன் என்னிக்கு மேடம் ஃபெயிலாவான்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வாரமே இரண்டு பேர் பழைய முறைக்குத் திரும்பினார்கள். ஆறு மாத உழைப்பு, ஐயா.

போனாலு பண்டிகைக்கு அவர் விடுப்பு எடுத்தார். "என் மெஷின்லயும் அதப் போட்டு வைங்க, நான் தொடமாட்டேன்," என்று சிரித்துக்கொண்டே கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு மதியமே கிளம்பினார். நாலு மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பெட்டியில் சூடு எல்லை மீறினால் பத்து நொடியில் மணி அடிக்க வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தது. அந்தப் பத்தை அறுபதால் பெருக்கினேன். பத்து நொடி பத்து நிமிடமானது. அவர் பெயரிலேயே பதிந்தது. தீங்கு நினைக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் கருவி அந்தப் பிழையைப் பிடிக்கும், கையால் எழுதினால் இப்படித்தான் என்று அவர்களே கண்ணால் பார்ப்பார்கள், பிறகு எடுத்துவிடலாம். இவ்வளவுதான் திட்டம்.

கருவி பிழை எதுவும் இல்லை என்றது.

ஒப்புதல் தர வேண்டிய கிரண்மயி, "அதுவே ஓகே சொல்லிடுச்சே மேடம்," என்று பொத்தானை அழுத்திவிட்டாள். முன்பெல்லாம் படித்துவிட்டுத்தான் அழுத்துவாள். படிக்கத் தேவையில்லை என்று கற்றுக்கொடுத்தது நான்தான். மேலாளர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பிழையை நானே வைத்தேன், கருவி கோட்டைவிட்டது என்று அவரிடம் சொல்லச் சொல்கிறீர்களா? அப்புறம் கருவியை யார் நம்புவார்கள்? கருவி பார்த்து முடித்ததை மறுபடி அச்செடுக்கக் கூடாது என்று அந்த வாரமே ஒரு விதியும் எழுதினேன். யாதகிரி திரும்பி வந்தபோது அந்த மென்பொருள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள், கரீம்நகர். பட்டப்பகல், ஒரு பெட்டியில் சூடு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. நர்ஸ் அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறார். மணி அடித்திருந்தால் நாலே எட்டில் வந்திருப்பார். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சீட்டில் 'ஸ்வரூபா பாப்பா' என்று தாயின் பெயரைத்தான் எழுதியிருந்தார்களாம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதேன்.

மறுநாளே அந்த அறுபதை எடுத்திருக்கலாம். எடுத்தால் யார் எடுத்தது என்று பதிவாகும். விசாரணை நடக்கும்போது எதையும் தொடக்கூடாது என்றும் பட்டது. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதிலிருந்து நான்காம் நாள் நல்கொண்டாவில் இன்னொரு குழந்தை. அது ஆண்.

பிழையைக் கண்டுபிடித்தபோது அதன்மேல் யாதகிரியின் பெயர் இருந்தது. வேலை போயிற்று. போலீசும் வந்தது. தான் எழுதவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நாலு மணிக்கு அவர் செகந்திராபாதில் கோயில் வரிசையில் நின்றார் என்பதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அவருக்கே அது தோன்றவில்லை. தன் பெயர் இருந்தால் தான்தான் எழுதியிருப்போம் என்று நம்புகிற மனிதர்.

அழைத்துப் போகும் முன் என் மேசைக்கு வந்தார்.

"எப்ப எழுதினேன்னே ஞாபகம் வரல மேடம். பண்டிகை அவசரத்துல கை தவறிடுச்சு போல. நீங்க தலபாடா அடிச்சுக்கிட்டீங்க, நான்தான் கேக்கல. கேட்டிருந்தா அந்த ரெண்டு பச்சப்புள்ளையும் பொழச்சிருக்கும். என்னை மன்னிச்சிடுங்க."

கைகூப்பி நின்றார். சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்போது எனக்குப் பேச வரவில்லை. நீங்கள் அவரை விடுவிக்கும்போது, நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள், ஐயா.