மூன்றாம் நாள் யாருடையது?

தலைமை நாற்காலியில் வீற்றிருந்து, கைக்கடிகாரத்தை இப்போதே ஒருமுறை பார்த்துவிட்ட ஊர்ப் பெரியவர் சேனாதிபதி ஐயா அவர்களே! வெள்ளனே எழுந்து, ஐந்து வகைச் சோறு கிளறி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்த கையோடு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! பூண்டுக் காட்டுக்கு இன்று ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பட்டுடுத்தி வந்திருக்கும் மகாராணி அக்கா அவர்களே, அவரோடு களையெடுக்கும் சகோதரிகளே! கன்னத்தில் சந்தனமும் கண்ணில் கனவுமாக அமர்ந்திருக்கும் இன்றைய விழா நாயகி, தங்கை ஷர்மிளா அவர்களே! கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவர் கணவர், என் அருமை மாப்பிள்ளை சண்முகராஜ் அவர்களே! கவுஞ்சி மண்ணின் மக்களே! கேரட் லோடு ஏற்றிப் பிழைக்கும் இந்தக் குமாரவேலின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வளைகாப்பு மேடையில் ஒரு ஆம்பளைக்கு என்ன சோலி என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்வி. பேச வந்தவன் இல்லை நான், ஒப்புக்கொள்ள வந்தவன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே சமுதாயக்கூடத்தில், இதே மேடையில், ஊரறிய நான் ஒரு தவறு செய்தேன். அதை ஊரறியச் சொல்லாமல் இந்த ஒலிபெருக்கியை விடுவதாக இல்லை.

என் உடன்பிறந்தாள் புவனாவுக்கு முதல் வளைகாப்பு. அண்ணன் சீர் கொண்டு வர வேண்டும். சும்மா வருவேனா? மேளம் முன்னே, ஜீப் பின்னே, மீசை அதற்கும் முன்னே என்று வந்தேன்! ஒரு பெரிய பித்தளைத் தட்டு. அதில் ஒன்பது பால்பவுடர் டப்பா, கோபுரமாக அடுக்கி, தங்க நிறத் தாள் சுற்றி. கோபுரத்துக்குக் கலசம் வேண்டாமா? உச்சியில் ஒரு பால்புட்டி, அதற்கு ஒரு முழம் மல்லிகை! ஊரே கைதட்டியது. போட்டோக்காரர் பெண்ணை விட்டுவிட்டு டப்பாவைப் படம் பிடித்தார்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். அந்த ஒன்பது டப்பாவும் ஒரே குரலில் அவளிடம், "தாயி, ஒன்னால முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தன. எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் அழுதது; நிறுத்தாமல் அழுதது. பால் இறங்கத் தொடங்கும் நாள் அது, பிள்ளை அழத்தான் செய்யும், மாரில் மறுபடி மறுபடி போடத்தான் வேண்டும் என்பது எங்களில் யாருக்குத் தெரியும்? பால் பத்தவில்லை என்றார்கள். டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாரா? இல்லை. பக்கத்தில் உட்கார ஓர் ஆள்? இல்லை. மூடியைத் திறந்தது வேறு யாருமில்லை, இந்தக் கைதான்.

இருபது நாளில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. மூத்தவன் நன்றாகத்தான் வளர்ந்தான். அதோ, மேசைக்கு அடியில் புகுந்து இரண்டாவது லட்டு தின்கிறான். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. குறை அவள் மனத்தில் தங்கிவிட்டது. குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அழுவாளாம். நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சென்ற ஆண்டு புவனா இரண்டாவதாக உண்டானாள். நான் மறுபடி மீசையை முறுக்கிக்கொண்டு போய், இந்தமுறை சீர் என்ன வேண்டும், பதினொரு தட்டா, இருபத்தொரு தட்டா என்று கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொருளு வேணாம்ணே," என்றாள். "இந்தப் பிள்ளைக்கு நான் பால் குடுக்கணும். எனக்கு ஆளு வேணும்."

அடடா, என்ன சொல் அது! பொருள் கேட்டால் கடைக்குப் போகலாம். ஆள் கேட்டால் எங்கே போவது? நான் திகைத்து நின்றேன். அவள் திகைக்கவில்லை. மகாராணி அக்காவைக் கூப்பிட்டாள், ஒரு சார்ட் பேப்பரை விரித்தாள், கோடு போட்டாள். நாற்பத்தெட்டுக் கட்டம். பிள்ளை எந்தத் தேதியில் பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தேதி இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண் மட்டும். பழனி முருகனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருக்கிறோமே, ஒரு தாய்க்கு ஒரு மண்டலம் துணை இருக்க மாட்டோமா?

சட்டம் ஒன்றே ஒன்றுதான். வளையல் போட வருகிறவர் கட்டத்தில் தன் பெயரையும் போட வேண்டும். அந்த நாளில் அந்த வீட்டுச் சமையல் அவருடையது, துணி அவருடையது, மூத்தவனைப் பள்ளிக்கு அனுப்புவது அவருடையது. பிள்ளையும் பாலும் மட்டும் புவனாவுடையது.

சீர்த் தட்டில் என்ன வந்தது தெரியுமா? மலைப்பூண்டு வந்தது, முருங்கைக்கீரை வந்தது, பால்சுறாக் கருவாடு வந்தது, சுடுதண்ணீர் பிளாஸ்க் வந்தது, சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு நல்ல நாற்காலி வந்தது. அன்றைக்கும் இதே கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "மச்சான் சந்தைக்குப் போயிட்டு நேரா இங்க வந்துட்டாரு போல" என்றார். மாப்பிள்ளை சண்முகராஜ், இப்போது ஏன் தூணுக்குப் பின்னால் போகிறீர்கள்? அங்கேயே நில்லுங்கள், உங்களிடம் வருவேன்.

பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. வந்தது மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி. காலை நேரம். பிள்ளை அழுகிறது, நிறுத்தாமல் அழுகிறது. புவனா என்னைப் பார்க்கிறாள். பழைய பயம் அப்படியே அவள் கண்ணில் கெடக்கு. பெரியோர்களே, இவ்வளவு பட்டவன், இவ்வளவு பேசுகிறவன், நான் என்ன செய்தேன்? எதிர்ச்சாரி மருந்துக்கடைக்கு ஓடினேன். டப்பாவைக் கையில் வாங்கிவிட்டேன்!

கவுஞ்சியிலிருந்து வந்த முதல் பஸ்ஸிலிருந்து சுந்தராம்பாள் இறங்குகிறாள். அதோ, இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாளே, அவள்தான். கையில் முருங்கைக்கீரை சூப்பு. கடைவாசலில் என்னைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னைக்கு யாரு நாளு?" என்றாள்.

"ஒன் நாளு தாயி," என்றேன்.

"அப்ப அதைப் பலகையில வச்சிட்டு வெரசா வாங்க."

வைத்தேன். இருபது டன் லோடை அசைக்கிறவனை அந்த ஒரு சொல் அசைத்துத் திருப்பியது! அவள் நேரே போய் நர்சம்மாவைக் கூட்டி வந்தாள். நர்சம்மா பிள்ளையைப் பிடிக்கும் விதத்தை மாற்றினார், வாய் வைக்கும் விதத்தை மாற்றினார், புவனாவின் முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தார். சுந்தராம்பாள் தோளைத் தடவியபடி பக்கத்தைவிட்டு அசையவில்லை. ஒருமுறை, இருமுறை, ஐந்துமுறை. மதியத்துக்குள் பிள்ளை குடித்தது! குடித்து, கைவிரல் தளர்ந்து, உறங்கியது. நான் வராந்தாவில் நின்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பவுடர் பால்தான் வேண்டும் என்று டாக்டரே எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு. அது மருந்து, அதில் எந்தத் தாய்க்கும் தலைகுனிவு கிடையாது. ஆனால் நான் டாக்டரா? கேரட் லோடுக்காரன். சீர் என்ற பெயரில் நான் மருந்து எழுதலாமா?

நான்காம் மாதம் புவனா காட்டுக்குத் திரும்பினாள். இனி எப்படி என்று எல்லோரும் கேட்டோம். மகாராணி அக்காவின் தாய் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அங்கே பிள்ளைக்காம்பரா என்று ஓர் அறை இருந்ததாம். பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, தாய்மார்கள் வேலைக்கு நடுவே இறங்கி வந்து பால் கொடுத்துப் போவார்களாம். இங்கேயும் ஒன்று வைத்தால் என்ன என்றார் அக்கா. உருளைக்கிழங்குக் கொட்டகையில் ஒரு மூலை, ஒரு திரை, நான் கொண்டு வந்த அதே நாற்காலி! பத்து மணிக்குப் போவாள், இரண்டு மணிக்குப் போவாள். அவள் பாத்தியில் களை நின்றதா? ஒரு நாளும் நிற்கவில்லை.

யாரது அழுவது? புவனா மடியில் இருக்கும் நம் கதாநாயகியேதான், பிறந்து எட்டு மாதம் ஆகிறது. புவனா, எழுந்து போகாதே அம்மா, அங்கேயே உட்கார்ந்து கொடு. இந்த மன்றத்தில் எழுந்து போக வேண்டியவர்கள் யாரும் இல்லை. பாருங்கள், அவையோரே, பாருங்கள்! தன்னால் முடியாது என்று நான்கு ஆண்டு குளியலறையில் அழுதவள், இன்று ஊர் நடுவே உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். வென்றாள் என் தங்கை! வென்றன நாற்பத்தெட்டுப் பெயர்கள்!

தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. "சோறு ஆறுகிறது" என்று எழுதியிருக்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

என் பின்னால் தொங்குகிறதே, அது ஷர்மிளாவின் தாள். காலையிலிருந்து பார்க்கிறேன். முதல் நாளுக்குப் பெயர் இருக்கிறது. நான்காம் நாளுக்கு இருக்கிறது. நாற்பத்தெட்டாம் நாளுக்குக்கூட இருக்கிறது. மூன்றாம் கட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ஏன்? கடினமான நாள் அது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆண் வளையல் போடும் வழக்கம் இல்லை. ஆனால் பெயர் போடக் கூடாது என்று எவர் சொன்னது? பேனாவைக் கொடுங்கள். மூன்றாம் நாள், குமாரவேல். என் பேரில் ஒரு ஜோடி வளையலைச் சுந்தராம்பாள் ஷர்மிளாவுக்குப் போடட்டும். அன்று அந்த வீட்டில் அடுப்பும் நான் பார்ப்பேன், துணியும் நான் துவைப்பேன். பிள்ளை அழுதால் நர்சம்மாவைக் கூட்டி வர ஓடுவேன். மாப்பிள்ளை சண்முகராஜ், பயத்தில் நீங்கள் மருந்துக்கடைக்கு ஓடினால், அங்கே வாசலில் உங்களுக்குத் தெரிந்த ஒரு முகம் முன்னாடியே நின்றுகொண்டிருக்கும், என் முகம். உங்களைத் திட்ட மாட்டேன். அந்த இடத்தில் நின்றவன் நான். தோளில் கைபோட்டுத் திருப்பிக் கூட்டி வருவேன்.

சோறு ஆறினாலும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஐந்து ஆண்டு முன் நான் வாங்கிய கைதட்டலை இத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது சுந்தராம்பாளுக்குச் சேரட்டும். வணக்கம்.