மேகம் இருக்கற படம்

— சாட்டிலைட் படமா? நீங்களா கேக்கறீங்க?

— ஏன், நான் கேக்கக் கூடாதா?

— "படமெல்லாம் வேடிக்கைக்கு, மலைக்கு உயரக் கோடு போட்ட டோப்போ மேப்புதான்"னு ஊரையே கூட்டிட்டுப் போய்ப் பாடம் எடுத்த வழிகாட்டி சாராச்சே... அதான் கேட்டேன்.

— மனுசன் மாறவே கூடாதா? ஏத்தும்மா.

— இருக்கறதே உள்ளங்கையளவு ஜிபிஎஸ். படத்தை ஏத்தினா மேப்புக்கு இடமிருக்காது. உயரக் கோடே இல்லாம முகட்டுக்கு ஏறப் போறீங்களா?

— கோடெல்லாம்... மனசுல இருக்கு.

— அடேயப்பா! சரி, கம்ப்யூட்டர்ல விரிச்சிருக்கேன். பாருங்க. என்ன தெரியுது?

— பச்சை. அதுக்குள்ள கரும்பச்சை... அது காடு. இந்தப் பக்கம் நீலமா ஏரி. எப்படித் தூங்குது பாரு.

— ஏரி ஓரத்துல வெள்ளையா?

— மேகம். படம் எடுத்த அன்னிக்கு வந்து உக்காந்திருக்கு. பாவம், யாரோ போட்டோ எடுக்கறாங்கன்னு அதுக்குத் தெரியாது.

— அந்த மேகத்துக்கு அடியிலதான்... கல்யாணமான புதுசுல கூடாரம் போட்டோம்.

— விடிஞ்சு பாத்தா ஏரியே இல்ல. ஒரே வெள்ளை. நீ பயந்துபோய் என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தே.

— பயமா? குளிருங்க.

— சட்டை கிழிஞ்சது குளிர்லயா?

— போதும், பேச்சை மாத்தாதீங்க. மேகமே இல்லாத படமும் இருக்கு. அதை ஏத்தவா?

— வேணாம். இந்த மேகம் இருக்கட்டும்... எனக்குப் பிடிச்சிருக்கு.

— அதுக்கடியில வழி தெரியாதே?

— அன்னிக்கு மட்டும் தெரிஞ்சுதா? போய்ச் சேரலையா? அது கிடக்கட்டும், உன் ஷூ ஏன் இப்படிக் கிடக்கு? தடுக்கி விழப் பாத்தேன். கை வெச்சா ஒரே சேறு. யோகா வகுப்புல ஏர் ஓட்டறீங்களா?

— அது... தோட்டத்துல வெச்சுச் சொல்லித் தராங்க. ஓரமாத்தானே வெச்சேன், எப்படித் தடுக்கிச்சு?

— லைட் போடல.

— பட்டப்பகல்லயா?

— அதை விடும்மா, படத்தை ஏத்து.

— சரி, மேப்பையும் ஒரு தடவை பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க. இதோ, திறந்துட்டேன். முகட்டுப் பக்கம் கோடு நெருக்கமா இருக்கா, விலகி இருக்கா?

— நெருக்கமா. செங்குத்து ஏத்தமாச்சே.

— நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

— பாத்துத்தான் சொல்றேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு...

— இது முகடு இல்லைங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இருக்கற மைதானம். மொத்தமே ஒரு கோடுதான். நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்.

— எப்படிச் சொல்றது? பார்வை நடுவுல மங்கிப்போச்சு. நிறம் தெரியுது... கோடு நழுவிடுது. இனிமே தெளியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தெரிஞ்சா நீ மலைக்கு விடமாட்டே. ஒரே ஒரு தடவை, அந்த முகட்டுக்கு மட்டும் போயிட்டு வந்துடலாம்னு...

— தனியாவா? விடவே மாட்டேன்.

— அப்போ அவ்வளவுதாங்கறே.

— வாயை மூடிக்கிட்டு அந்தப் பையில கை விடுங்க.

— என்ன இது... இன்னொரு ஜிபிஎஸ்ஸா? யாரோடது?

— என்னோடது. நீங்க பாத்திரத்துக்கு வெளியில தண்ணி ஊத்தினீங்களே, அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, மறுநாளே வாங்கிட்டேன். யோகாவுக்குன்னு சொல்லிட்டுப் பின்னாடி குன்றுல ஏறி எறங்கி உயரக் கோடு படிக்கப் பழகினேங்க. அதான் அந்தச் சேறு. டோப்போ மேப்பு என்கிட்ட இருக்கட்டும், மேகம் இருக்கற படம் உங்களுக்கு... இந்தத் தடவை நீங்க என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. கிழிச்சுடாதீங்க, புதுசு.