புகார் சொல்லாத பிள்ளைக்கு

சாயா பிரமாதம் சார். பஜாரில் இருக்கிற இஞ்சி மொத்தத்தையும் உங்கள் போலீஸ் ஸ்டேஷன் பாத்திரத்தில்தான் தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கோப்பையைப் பற்றிக் கேட்டீர்கள். ரிடையர் ஆகி வீட்டில் கிடந்த என்னை, ஆள் இல்லையென்று மூன்றாம் வகுப்புக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அங்கே வருடாவருடம் மார்க்குக்குப் பரிசு. அது டியூஷன் வைக்க முடிந்த வீட்டுக்குப் போகும். ஓட்டத்துக்குக் கொடுத்தால் கால் நீளமாகப் பிறந்தவனுக்கு. பள்ளுருத்தியில் ஒற்றை அறையில் இருக்கிற பிள்ளைக்கு எதற்குத்தான் கொடுப்பது? யோசித்தேன். காசு செலவில்லாமல் யாராலும் முடிகிற காரியம் ஒன்று இருந்தது. புகார் சொல்லாமல் இருப்பது.

அதுவரை அந்த வகுப்பில் வந்த புகார்களைக் கப்பலில் ஏற்றியிருந்தால் கப்பல் கொச்சியிலேயே மூழ்கியிருக்கும். பென்சிலைக் காணோம், கிள்ளிட்டான், வயிறு வலிக்குது, பயமா இருக்கு. ஜூ டவுன் பழம்பொருள் கடையில் ஒரு பித்தளைக் கோப்பை வாங்கினேன். முந்நூறு வருடப் பழசு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். பாலிஷ் கையில் ஒட்டியது. வாரம் முழுக்க எதற்கும் வாய் திறக்காத பிள்ளை வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதிக வாரம் வென்றவருக்கு ஆண்டு விழாவில் அது சொந்தம்.

ஒரே மாதம். வகுப்பில் கொசு மூச்சு விட்டால் கேட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் மற்ற டீச்சர்களைக் கூட்டிவந்து காட்டினார்.

இசக்கிசெல்விதான் முன்னால் நின்றாள். அவள் அம்மா ஆவுடையம்மாளுக்கு சுக்குக் குடோனில் வேலை. கோப்பையை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்ததாக இசக்கிசெல்வி வந்து சொன்னாள். "எங்க வீட்டுக்குள்ள வந்த மொத பரிசு சார்" என்றாள்.

கடைசி வாரம் இசக்கிசெல்வியும் ரோஹனும் சமம். செவ்வாய்க்கிழமை அவள் மதியச் சோற்றைத் தொடவில்லை. புதன்கிழமை வயிற்றைப் பிடித்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வகுப்பு சுபாஷிணி டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"சாரே, அந்தக் குட்டியோட முகமே சரியில்லையே."

"அவ சொன்னாளா, டீச்சர் சொல்றீங்களா?"

"சொன்னாத்தானா? வேர்த்து ஊத்துது சாரே."

"டீச்சருக்குக் கோப்பை மேல ஆசையே இல்ல போல."

சிரித்தார். மணி அடித்தது. போய்விட்டார்.

வியாழக்கிழமை இசக்கிசெல்வி விரலைத் தூக்கினாள். மறைக்க ஒன்றுமில்லை சார், எதற்கென்று எனக்குத் தெரியும். உதடு வெளுத்திருந்தது. நான் அதட்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அலமாரி மேலிருந்த கோப்பையைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவளும் பார்த்தாள். விரலை இறக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்டதாம். சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டிலும் அவள் சொல்லவில்லையாம். அங்கே சொன்னாலும் கணக்கில் வரும் என்று நினைத்திருக்கிறாள். கெட்டிக்காரி. கோப்பையை நானே ஆவுடையம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெயித்தது அவள்தானே.

பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருந்தேன் என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் நேற்று நீங்களே வகுப்புக்கு வந்து ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டீர்கள். ஒரு பிள்ளையாவது என்மேல் புகார் சொன்னதா சார்?