அலெக்ஸ் படிக்கிறான், டீச்சர்

– பஸ் ஏத்திட்டேன்னு சொல்றீங்க. எந்த பஸ்சு?

– டவுன் பஸ்தான் டீச்சர். எட்டே காலுக்கு வருமே.

– அந்த பஸ்சுல வந்த பிள்ளைங்களைப் பரீட்சை சென்டர் கேட்டுல நின்னு நான்தான் எண்ணினேன். நாப்பது பேர். என் கிளாஸ்ல மொத்தம் நாப்பத்தொண்ணு. இல்லாதது உங்க பையன் ஒருத்தன்தான்.

– அப்ப அடுத்த பஸ்சுல வருவான்.

– ஹால் டிக்கெட் இல்லாமயா? இதோ, என் பையில இருக்கு பாருங்க. வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லுங்கன்னு பத்து நாளா உங்ககிட்ட ஃபோன்ல சொல்லிட்டிருக்கேன்.

– படம் நல்லா எடுத்திருக்காங்க. காலரு மட்டும் ஒரு பக்கம் மடிஞ்சிக்கினு இருக்குது.

– அலெக்ஸ் அப்பா, மணி ஒம்போது அஞ்சு. பத்து மணிக்குள்ள அவன் பெஞ்சுல உக்காந்திருக்கணும். புரியுதா?

– மொதல்ல ஒரு டீ சாப்புடுங்க. மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது. என்னை எப்படிக் கண்டுபுடிச்சீங்க? நேர்ல பாத்ததே இல்லியே.

– கூட்டேரிப்பட்டு பாலத்தாண்ட உர குடோன், அதுல நைட் வாட்ச்மேன், டூட்டி முடிஞ்சு எதிர் டீக்கடையில ஒம்போது மணி வரைக்கும் உக்காந்திருப்பேன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. இங்க வந்து நின்னேன். யாரோ ‘சக்கரை கம்மியா போடு’ன்னாங்க. குரல் தெரிஞ்சிது.

– ரெண்டு மாசமா தினம் கேக்குற கொரலு. தெரியாமப் போவுமா.

– நான் நெனச்சதுக்கு வயசானவரா இருக்கீங்க.

– நீங்க நான் நெனச்சதுக்குச் சின்னவங்களா இருக்கீங்க. ஃபோன்ல அதட்டுறப்போ அம்பது வயசு மாதிரி இருக்கும்.

– எழுந்திருங்க. வெளிய ஸ்கூட்டி இருக்கு. உங்க காலனிக்கு அஞ்சு நிமிஷம். அவனை ஏத்திக்கிட்டு சென்டருக்குப் பதினஞ்சு நிமிஷம். மஞ்சக்காமாலை வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இந்நேரம் எறங்கியிருக்கும்.

– எறங்கிடுச்சு டீச்சர்.

– அப்புறம் என்ன, பயமா அவனுக்கு?

– பயம்லாம் இல்ல. ஒண்ணு கேக்கறேன். அவன் வரலேன்னா உங்க ஸ்கூலுக்கு நஷ்டமா?

– இல்ல.

– நெஜமாவா?

– எழுதாதவனைத் தேர்ச்சி சதவீதத்துல சேக்க மாட்டாங்க. நாப்பது பேர் எழுதி நாப்பது பேரும் பாஸானா நூத்துக்கு நூறு. எச்.எம். சார் பேனருக்கு நாப்பது ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்காரு. நான் பாத்தேன். அதுல அலெக்ஸ் ஃபோட்டோ இல்ல.

– கிருஷ்ணசாமி சாரு உஷாரான ஆளு.

– காலைல கேட்டுல வெச்சே சொன்னாரு. ‘அன்புச்செல்வி, வராதவனைத் தேடிக்கிட்டுப் போவாதீங்க, நம்ம நல்ல நேரம்’னு. நான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

– ஏன் வந்தீங்க? அவன் எழுதி ஃபெயிலாயிட்டா உங்களுக்குத்தான பேஜாரு.

– ஃபெயிலாக மாட்டான். அதான் வந்தேன். அரையாண்டுல நாலு பாடம் போன பையன். என் அறிவியல்ல ஒம்போது மார்க். மெல்லப் படிக்கிற பிள்ளைங்களை டீச்சருக்கு அஞ்சு பேர்னு தத்தெடுத்துக்கச் சொன்னாங்க. தினம் விடியக்காலைல ஃபோன் போட்டு எழுப்பணும்னாங்க. மத்த நாலும் ‘எழுந்துட்டேன் மிஸ்’னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துக்கும். எனக்கே தெரியும். இவன் ஒருத்தன்தான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். நேத்து ஓம் விதி கேட்டேன். ஒரு வார்த்தை தப்பில்ல.

– மாறா வெப்பநிலையில், கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டிற்கு நேர்தகவில் இருக்கும்.

– அதேதான். அப்படியே சொன்னான்.

– ‘மாறா வெப்பநிலையில்’ங்கறத எல்லாரும் வுட்டுடுவாங்க, அதுக்கு ஒரு மார்க்கு போவும்னு சொன்னீங்க. நான் வுடல.

– நீங்க வுடலையா.

– சொன்னது நான்தான் டீச்சர்.

– நேத்தா?

– எல்லா நாளும்.

– கேள்விய நீங்க சத்தமாத் திருப்பிச் சொல்லுவீங்க. ‘டேய், டீச்சர் கேக்குறாங்க பாரு’ன்னுவீங்க. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பதில் வரும். ராத்திரி தனியா வுடாம குடோனுக்கே கூட்டிட்டு வந்துடறேன்னு வேற சொன்னீங்க. அவன் முடியாம பக்கத்துல படுத்துக்கிட்டு உங்க காதுல சொல்றான்னு நெனச்சிட்டிருந்தேன்.

– கைடு பொரட்ட நேரம் வேணும்ல. டார்ச்ச அக்குள்ல இடுக்கிக்கினு பொரட்டுவேன். மொதப் பத்து நாளு அப்படி. அப்புறம் கைடு தேவைப்படல. நான் எட்டாவதோட நின்னவன். இந்த மின்னோட்டம் எங்க போவுது, எதுக்குப் போவுதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா சொல்லிடுவேன்.

– அலெக்ஸ் எங்க?

– இல்ல.

– இல்லன்னா?

– மில்லுக்குப் போயிட்டான். கோயம்புத்தூர் பக்கம்னு சொல்றாங்க. பொங்கலுக்கு மறுநாளு.

– நான் மொத ஃபோன் பண்ணது ஜனவரி இருபது.

– அப்ப அவன் போயி நாலு நாளு.

– மஞ்சக்காமாலை?

– அதுவும் நான் சொன்னதுதான்.

– அதை நம்பி ரெண்டு மாசமா தினம் அவனுக்கு வருகை போட்டிருக்கேன். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். புரியுதா உங்களுக்கு?

– புரியுது. ஒரே ஒரு தபா காலனிக்குள்ள வந்து எட்டிப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் டீச்சர். ரோட்டுலேர்ந்து நாலு நிமிசம் நடக்கணும், அவ்ளோதான்.

– வந்திருக்கணும்.

– யாருதான் வந்தாங்க. எங்க தெருவுக்கு கரண்ட்டு கணக்கு எடுக்குற ஆளத் தவிர யாரும் வர்றதில்ல. குத்தமா சொல்லல.

– குத்தமாவே சொல்லுங்க. ஏன் அனுப்புனீங்க அவனை?

– நான் அனுப்பல. அரையாண்டு பேப்பர் குடுத்த அன்னிக்கு சாரு இவன எழுப்பி நிக்க வெச்சு, ‘நீ வராம இருக்கறதுதான்டா ஸ்கூலுக்கு நீ செய்ற உதவி’ன்னாராம். வூட்டுக்கு வந்து சோறு துன்னான், படுத்துக்கினான். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பொங்கல் கழிச்சு விழுப்புரத்துலேர்ந்து ஒரு ஏஜென்ட்டு வேன் எடுத்தாந்தான். நான் டூட்டி முடிச்சு வூட்டுக்குப் போறேன், பாயி சுருட்டி வெச்சிருக்குது. பக்கத்தூட்டு குப்பம்மாகிட்டதான் எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிருக்கான்.

– சார் அதைச் சொல்றப்போ நானும் அங்க இருந்தேன்.

– தெரியும். ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தீங்களாம்.

– நின்னேன். வாயத் தொறக்கல.

– ம்.

– அந்த ஏஜென்ட்டுக்கு ஃபோன் பண்ணலையா நீங்க?

– பண்ணேன். மொத மாசம் ஆஸ்டல்ல ஃபோனே தர மாட்டாங்க, அப்புறம் அவனே கூப்புடுவான்னான். அதுக்கப்புறம் அவன் நம்பரு வேலை செய்யல. விழுப்புரத்துக்கு ரெண்டு தபா போய்த் தேடினேன். கடையவே காலி பண்ணிட்டுப் போயிட்டான். என் நம்பரு பையனுக்கு மனப்பாடம். அவனா கூப்புட்டாத்தான் உண்டு. கூப்புடல. கோவமா இருக்கான்னு வுட்டுட்டேன்.

– எங்கிட்ட மொத நாளே சொல்லியிருக்கலாம்ல.

– ‘அலெக்ஸ் எழுந்துட்டானா’ன்னு கேட்டீங்க. இல்லேன்னா பேர அடிச்சிடுவாங்களேன்னு பயம். பரீட்சைக்குள்ள வந்துடுவான், அது வரைக்கும் பேரு இருக்கட்டும்னு ‘படிக்கிறான் டீச்சர்’னுட்டேன். ரெண்டாம் நாளும் அதையே சொன்னேன். மூணாம் நாளு நீங்க கேள்வி கேட்டுட்டீங்க.

– சரி, மொத வாரம் பயம். அப்புறம்?

– அப்புறம் என்னத்தச் சொல்றது.

– சொல்லுங்க. எனக்குத் தெரியணும்.

– குடோன்ல மூட்டைங்க, நானு, ஒரு நாயி. வூட்டுக்குப் போனா நாயும் இல்ல. அவங்கம்மா செத்து ஏழு வருசம். அஞ்சு மணிக்கு ஒரு ஃபோனு வரும். பனி எப்படி இருக்குன்னு கேப்பீங்க. தலைக்குத் துண்டு கட்டுனீங்களான்னு கேப்பீங்க. நாலரைலேர்ந்தே ஃபோன மடியில வெச்சுக்கினு உக்காந்திருப்பேன். அலெக்ஸ் இல்லேன்னு சொல்லிட்டா, நீங்க எதுக்கு எனக்கு ஃபோன் பண்ணப் போறீங்க.

– பண்ணியிருக்க மாட்டேன்.

– அதான்.

– மத்த நாலு பேருக்கும் சேத்து மூணு நிமிஷம். உங்களுக்கு அரை மணி நேரம். அதை நான் கவனிக்கலன்னு சொல்ல முடியாது.

– மொதல்ல எனக்குத்தான பண்ணுவீங்க?

– அஞ்சு ஆன உடனே. அவங்களுக்கெல்லாம் அஞ்சரைக்கு. திண்டிவனத்துல எனக்கு ரெண்டு ரூம் வீடு. அவரு மஸ்கட்ல இருக்காரு. ஞாயித்துக்கிழமை கூப்புடுவாரு, கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேப்பாரு. ‘காபி குடிச்சீங்களா டீச்சர்’னு கேட்ட ஒரே ஆள் நீங்க. ‘பையன்கிட்ட ஃபோனக் குடுங்க’ன்னு உங்களை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். தூங்கறான்னீங்க. ரெண்டாவது தடவை கேக்கவே இல்ல. ஏன் கேக்கலன்னு இப்ப யோசிக்கறேன்.

– வுடுங்க டீச்சர்.

– எப்படி வுடறது? ஒரு பையன் ரெண்டு மாசமா எங்க இருக்கான்னே தெரியல. நான் உங்களுக்கு ஓம் விதி சொல்லிக் குடுத்துட்டிருந்திருக்கேன்.

– அந்த ஹால் டிக்கெட்டுல என் மூஞ்சிய ஒட்டிக் குடுங்க. நானே போய் எழுதிட்டு வந்துடறேன்.

– இன்னிக்குத் தமிழ். நீங்க அறிவியல்ல மட்டும்தான் பாஸ் பண்ணுவீங்க.

– மணி என்ன ஆவுது?

– ஒம்போது நாப்பத்தஞ்சு. இனிமே அவசரம் இல்ல.

– பேர அடிச்சிடுவாங்களா?

– இந்த வருஷம் ஆப்சென்ட்னு போடுவாங்க. பேர் இருக்கும். ஆள் கெடைச்சா துணைத் தேர்வு எழுத வைக்கலாம். மொதல்ல ஆள் கெடைக்கணும். அந்த மில்லு பேராவது தெரியுமா? உங்க ஃபோன் அடிக்குது பாருங்க.

– தெரியாத நம்பரு. லோன் வேணுமான்னு கேக்குறவனுங்களா இருக்கும்.

– எடுங்க.

– இருங்க, ஸ்பீக்கர்லதான் போடணும். காதுல வெச்சா ஒண்ணும் கேக்காது. அலோ. யாருங்க?

– ப்பா.

– அலெக்ஸா?

– ஆமாம்ப்பா. ஒருவழியா இன்னிக்கு எடுத்துட்ட.

– எங்கடா இருக்க? துன்னியா? ஒடம்பு எப்படி இருக்குது?

– நல்லா இருக்கறேன். மில்லு கேட்டுக்கு வெளிய ஒரு பேக்கரி. அந்த அண்ணன்கிட்ட ஃபோன் கேட்டு வாங்கியிருக்கேன். ஜல்தி உள்ள போவணும். அப்பா, பரீட்சை ஆரம்பிச்சிட்டாங்களா?

– இன்னும் கால் மணி நேரம் இருக்குது.

– தமிழ்தான இன்னிக்கு?

– தமிழ்தான்.

– எல்லாரும் போயிருப்பானுங்க. புக்க எடுத்தாந்திருந்தேன்ப்பா. கைடு மட்டும் அங்கியே மறந்துட்டேன். பிரேக்குல படிச்சிக்கினு இருந்தேன். மனப்பாடச் செய்யுள் எல்லாம் முடிச்சிட்டேன்.

– டேய், எம்மேல கோவமா? இத்தினி நாளுல ஒரே ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?

– கோவம்லாம் ஒண்ணும் இல்ல. பரீட்சைக்கு வந்துடணும்னுதான் பாத்தேன். சூப்பர்வைசரு நல்லவருப்பா. ‘உங்கப்பா அனுப்புங்கன்னு ஒரு வார்த்தை ஃபோன்ல சொல்லட்டும், அன்னிக்கே பஸ் ஏத்தி உடறேன், போய் எழுதிட்டு வா’ன்னாரு. அவரு ஃபோனத்தான் குடுப்பாரு. ராத்திரி ஷிப்ட்டு முடியறப்போ ஆளுக்கு ஒரே ஒரு கால். அடுத்தவன் பின்னாடியே நின்னுக்கினு இருப்பான்.

– எப்படா பண்ண? எனக்கு ஒண்ணு கூட வரலியே.

– ஷிப்ட்டு அஞ்சு மணிக்கு உடுது. ஒரு மாசமா தினம் அடிக்கறேன், தினம் நீ வேற கால்ல இருக்கன்னே வருது. விடியக்காலைல அவ்ளோ நேரம் யார்கிட்டப்பா பேசிக்கினு இருப்ப?