தொட்டி தெளிந்த பிறகு

கடல் மீன் தொட்டி வைக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்றுதான், மேடம். அவசரப்படுவார்கள். இன்று தொட்டி வாங்கி, நாளை உப்புக் கரைத்து, மறுநாளே மீனை விட்டுவிடுவார்கள். ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. எனக்கு இருந்தது.

இன்ஸ்பெக்டர் தாமரைச்செல்வி என்று வாசல் பலகையில் படித்தேன். நீங்கள் நான் கொண்டுவந்து வைத்த காலி பாட்டிலையே பார்க்கிறீர்கள். அதில் என்ன இருந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், அந்தப் பெயர் தெரியாமல் ஷெரினுக்கு வைத்தியம் நடக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். சொல்லத்தான் வந்தேன். வரிசைப்படி சொன்னால்தான் விளங்கும்.

என் பெயர் கருத்தக்கண்ணன். வயது அறுபத்திரண்டு. பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தொன்பது வருடம் உதவியாளராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் ஒத்தக்கடைப் புதுக் குடியிருப்பில் ஒரு மாடி அறைக்கு வந்தேன். கீழே வீட்டுக்காரர் ஆல்பின், அவர் மனைவி ஆனிமேரி டீச்சர், மகள் ஷெரின். அவளுக்கு ஏழு வயது. முதல் எட்டு மாதம் அவர்கள் என்னிடம் பேசியதெல்லாம் மோட்டார் போடுவதைப் பற்றித்தான். குறையாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் வேலை இருக்கிறது. சில மாலைகளில் டவுன் பஸ்ஸில் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். கண்டக்டர் "எங்கே போகணும்?" என்று கேட்பார். அன்று முழுக்க என்னிடம் ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

போன ஜூனில் ஷெரின் பிறந்தநாளுக்குத் தொட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே ஒரே களேபரம். எட்டிப் பார்த்தேன். ஆல்பின் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து போர் தண்ணீரைத் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, போர் தண்ணியவா விடுறீங்க?"

"கடல் மீனுக்கு உப்புத் தண்ணிதானே அங்கிள் வேணும்? நம்ம போர்ல வர்றதே உப்புதான். உப்புப் பாக்கெட்டுல பாதி மிச்சம்."

ஆனிமேரி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "குளிச்சா முடி கொட்டுற தண்ணி. அதுல மீன் வளக்கப் போறாராம். நல்லவேளை, மீனுக்கு முடி இல்ல."

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

நிலத்தடி உப்பு வேறு, கடல் உப்பு வேறு என்று விளக்கினேன். தொட்டியைக் காலி செய்து, ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, கடல் உப்பைக் கரைத்தோம். புதுத் தொட்டியில் அம்மோனியா ஏறும், அதைத் தின்கிற பாக்டீரியா வளர ஆறு வாரம் பிடிக்கும், அதுவரை தினமும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றேன். வாரம் இரண்டு முறை சோதித்தால் போதும். தினமும் என்றுதான் சொன்னேன்.

அன்றிலிருந்து மாலை ஆறரைக்குக் கீழே போவேன். சோதனைக் குழாயில் நான் சொட்டு விடுவேன், ஷெரின் எண்ணுவாள். நிறம் மாறியதும் அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்போம்.

"தாத்தா, இது மஞ்சளா பச்சையா?"

"நீ சொல்லு."

"மஞ்சப்பச்ச. எழுதிக்க."

ஆனிமேரி டீ கொண்டுவருவாள். இரண்டாம் வாரமே என் டம்ளரில் சர்க்கரை எம்புட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாலாம் வாரம் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பாகப் பாசி படர்ந்தது. வீட்டில் பயந்துவிட்டார்கள். புதுத் தொட்டிக்கு அது அம்மை போட்டதுபோல. வரும், தானே போகும். எனக்குத் தெரியும். முகத்தைச் சுருக்கி, "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பதினைந்து நாள் சுரண்டினேன். பாசி போனது. "கண்ணன் அங்கிள் இல்லாட்டி என்னைக்கோ நாறியிருக்கும்" என்று ஆல்பின் யாரிடமோ ஃபோனில் சொன்னது காதில் விழுந்தது. என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு மீன்கள் வந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். கேசரி, ஜாங்கிரி என்று ஷெரின் பெயர் வைத்தாள். தண்ணீர் தெளிந்தது. பழகிவிட்ட தொட்டிக்கு ஆள் வேண்டியதில்லை, மேடம். அப்போதுதான் மேற்குச் சன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி வைத்தேன். தீனியில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டேன். வெயிலும் அழுகின தீனியும் சேர்ந்தால் பச்சைப் பாசி முடி முடியாக வளரும். வளர்ந்தது. ஆறரை மணி மறுபடியும் எனக்கு வந்தது. ஒருநாள் சிட்டிகை அதிகமாகி ஜாங்கிரி செத்துப்போனது. ஷெரின் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். வேட்டி நனைந்துவிட்டது. அதை ஒரு வாரம் துவைக்காமல் வைத்திருந்தேன்.

என்ன சொன்னீர்கள்?

"பெரியவரே, மீன் கதை போதும். பாட்டில்ல என்ன இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

வாரேன், மேடம். இன்னும் கொஞ்சம்தான்.

ஜனவரியில் ஆல்பின் வீடியோ பார்த்து எல்லாம் கற்றுக்கொண்டார். திரையை இழுத்துத் தைத்துவிட்டார். தீனியை அளந்து டப்பாவில் போட்டுவிட்டார். "இனிமே உங்களுக்கு எதுக்கு அங்கிள் சிரமம், நானே பாத்துக்கிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பதினெட்டு நாள் நான் ஆறரைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். கீழே டிவி ஓடும், மூவரும் சிரிப்பார்கள். யாரும் கூப்பிடவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஷெரினுக்கு வயிற்றுப்போக்கு. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கூட வாசலில் எதையோ வாங்கித் தின்றிருக்கிறாள். ஆனிமேரி மாடிக்கே ஓடிவந்தாள்.

"அங்கிள், குடிக்கிற தண்ணிய ஒருக்கா டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. எனக்கு உங்கள விட்டா யாரத் தெரியும்?"

தண்ணீரில் ஒன்றும் இல்லை. "சந்தேகமாத்தான் இருக்கு, தினமும் பாக்கணும்" என்றேன். அன்று சாப்பாடு அவர்கள் வீட்டில். மூன்று நாளில் ஷெரின் தேறினாள். அடுத்த வாரம் என்னைக் கூப்பிடுவதும் நின்றது.

மீனும் பிள்ளையும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அளவில் அவ்வளவு கவனமாக இருந்தேன். ஆய்வகத்திலிருந்து வரும்போது எடுத்துவந்த பாட்டில் பரணில் கிடந்தது. காலையில் வாசலில் பையோடு வைத்திருப்பார்களே, அவள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற தண்ணீர், அதில் சில சொட்டுகள் விட்டேன். வயிறு வலிக்கும், இரண்டு நாள் படுத்திருப்பாள், தேறிவிடுவாள். மூன்று முறை அப்படியே நடந்தது. மூன்று முறையும் பக்கத்திலிருந்து கஞ்சி ஊட்டியது நான். நாலாம் முறை அவள் தேறவில்லை. அளவு மாறவில்லை. முன்பு கொடுத்தது உடம்பில் தங்கியிருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அது என் பிழை, எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் அவளை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் ஆனிமேரிக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜெபம் பண்ணும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். நர்ஸ் நான் யாரென்று கேட்டதற்கு ஆல்பின், "எங்க பெரியப்பா" என்றார். டாக்டர் என்னிடமே வந்து, "ஏதோ விஷம் போலத் தெரியுது. என்னன்னு தெரிஞ்சா மாத்து மருந்து குடுத்துரலாம்" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் திண்டுக்கல்லிலிருந்து ஆனிமேரியின் அக்காவும் தம்பிமாரும் வந்து இறங்கினார்கள். பெஞ்ச் நிறைந்துவிட்டது. "அங்கிள், நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க, அதான் நாங்க இருக்கோம்ல" என்றார் ஆல்பின். ஆனிமேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அக்கா தோளில் சாய்ந்திருந்தாள். நான் வீட்டுக்குப் போய் பாட்டிலைக் கழுவினேன், லேபிளைக் கிழித்தேன், இன்று காலை இங்கே வந்தேன்.

பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும், மேடம். சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை. ஃபோனை நீட்டாதீர்கள், டாக்டரிடம் ஃபோனில் சொல்லிவிட்டு உங்கள் லாக்கப்பில் போய் உட்கார நான் வரவில்லை. ஜீப்பை எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பெஞ்சில் எனக்கு இடம் விடட்டும். ஆனிமேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்து, "அங்கிள், நீங்கதான் சொல்லணும்" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அந்த நிமிஷமே சொல்லிவிடுகிறேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர்கள் இந்த மதுரையில் யாரும் இல்லை, மேடம்.