யாரும் மருந்து வைக்கவில்லை

அரியலூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் பெரம்பலூரை நெருங்கும்போது இளையவள் சொன்னாள்:

"எனக்கு யாரும் சோத்துல மருந்து வைக்கலயாம்க்கா."

"யாரு சொன்னா?"

"திருச்சி டாக்டரு. கொடல்ல கிருமி பெருகிக் கெடக்காம். அதனால கருவாடு, புளிச்ச மாவெல்லாம் ஒடம்பு தாங்கலயாம். அதான் தின்னா தடிப்புத் தடிப்பா வருதாம்."

"அப்ப ஒன் நாத்தனா குடுத்தது?"

"வெறும் கருவாட்டுக் கொழம்புதான். எனக்குப் புடிக்கும்னு தூக்குல கொண்டாந்துச்சு. ஊரே கேக்க, மருந்து வச்சுட்டாளேன்னு கத்துனேன்."

"போயி ஒரு வார்த்த சொல்லிடு."

"போனேன். அழுதேன். வாங்கன்னு பாய் போட்டுச்சு. அடுப்புல சோறு வெந்துக்கிட்டுதான் இருந்துச்சு. கடையிலேருந்து கலர் சோடா வாங்கியாந்து, மூடியக்கூடத் தொறக்காமக் குடுத்துச்சுக்கா."